மூடி வைத்த தட்டுகள்

மகனே,

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. மஞ்சள் தடவிய நான்கு மூலையையும் பார்த்துவிட்டு உன் அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். தாள் கனமாக இருக்கிறது, பெயரில் பிழை இல்லை, பெண் வீட்டார் முறையாகச் செய்திருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்தக் கடிதம் பத்திரிகையைப் பற்றியது இல்லை. இன்று, வயதானவர்களுக்கு மதியச் சோறு போடுகிற பகல்வீட்டு வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸ் பலகையைப் பற்றியது. நீயும் அந்தப் பெண்ணும் ஓர் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். திங்கட்கிழமை மதியச் சாப்பாடு இந்தப் புதுமணத் தம்பதியின் உபயம் என்று மேலே மலையாளத்தில் எழுதியிருக்கிறது. கீழே நேரம் போட்டிருக்கிறது, பகல் ஒன்றரை மணி. அதைப் பார்த்துவிட்டு வந்தவன் கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், பாதியில் அலுத்துப்போய் மடித்து வைத்துவிடுவாய். போனில் சொன்னாலோ "சரிப்பா, சரிப்பா" என்று நடுவிலேயே முடித்துவிடுவாய். கல்யாணத்துக்கு வரும்போது பந்தலில் நின்று இதைப் பேசவும் முடியாது. எனக்குத் தமிழைத் தவிர வேறு எதிலும் கோபத்தை எழுதத் தெரியாது. அதனால் இதை அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல். மாமனார் இப்படி ஒரு சிடுமூஞ்சி என்பது கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குத் தெரிவது நல்லது. மருமகளே, வாசிக்கும்போது திட்டு வருகிற இடங்களைத் தாண்டிப் போய்விடாதே. எல்லாம் அவனுக்குத்தான், உனக்கு ஒன்றும் இல்லை.

உன் மனசு கெட்ட மனசு என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் தாலி கட்டிவிட்டு, திங்கட்கிழமை இங்கே வந்து, அப்பா தொடங்கி வைத்த இடத்தில் நாலு வயதானவர்களுக்குச் சோறு போட்டு வாழ்க்கையைத் தொடங்கலாம் என்று நினைத்திருக்கிறாய். கேட்கிறவர்கள் எல்லோரும் உன்னை மெச்சுவார்கள். ஆனால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நான் யார் என்று உனக்குத் தெரியும். கார்ப்பரேஷன் சுகாதாரப் பிரிவில் காலம் முழுக்க மட்டாஞ்சேரிக் கால்வாய்களில் இடுப்பளவு இறங்கி நின்றவன். செத்த நாயைக் கையால் தூக்கியிருக்கிறேன். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் மீன் குழம்பு ருசியாகத்தான் இருக்கும். இந்த மனுஷனுக்குக் குமட்டல் என்றால் என்னவென்றே தெரியாது என்று உன் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு அது தெரிய வந்தது, அதுவும் சுத்தமாகத் துடைத்து வைத்த ஒரு கூடத்தில்.

பகல்வீடு எப்படித் தொடங்கியது என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாயாம், 'எங்கப்பா தொடங்கினது' என்று. தப்பு. தொடங்கியது உன் அம்மா, அவளுக்கே தெரியாமல். நீ அப்போது நாலாம் வகுப்பு. அடுத்த வீட்டுக் காசிம் இக்கா பஜாரில் மிளகு மூட்டை சுமந்தவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இரண்டு பேரும் வளைகுடாவில். ஒரு மழைக்காலத்தில் படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. அவர் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் இரைகிற சத்தம் கேட்கவில்லை என்பதைக் கவனித்தது உன் அம்மாதான். நான் அதே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் தூக்குப் பாத்திரத்தில் சோறும் மீன் குழம்பும் போட்டு உன் கையில் கொடுத்து அனுப்பினாள்.

நீ போனவன் திரும்பி வரவில்லை. அவர் இடது கையால் தடுமாறித் தடுமாறிச் சாப்பிடுவதை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா போய் உன் காதைத் திருகி இழுத்து வந்தாளே, நினைவிருக்கிறதா? "சாப்பிடுறவங்க வாயப் பார்த்துட்டு நிக்கிறது எங்கடா படிச்ச? வைக்கணும், மூடணும், வந்துட்டே இருக்கணும். பாத்திரம் சாயங்காலம் எடுத்துக்கலாம்." நீ அழுதாய். நல்லது செய்யப் போனவனுக்கு ஏன் அடி என்று உனக்குப் புரியவில்லை. அவள் விளக்கம் சொல்லவும் இல்லை. மறுநாள் போய் வைத்துவிட்டு ஓடி வந்தாய். மாலையில் பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, உள்ளே இரண்டு ஏலக்காயோடு. காசிம் இக்காவும் நன்றி சொல்லிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வரவில்லை. ஸ்டவ் மறுபடி இரைகிற வரைக்கும் சோறு போனது, அதற்குப் பிறகும் போனது.

எதிர்வரிசை வெள்ளையம்மா அக்காதான் இதை ஒரு வேலையாக மாற்றியவள். தெருப் பெருக்கும் பிரிவில் என்னோடு வேலை பார்த்தவள், அப்போது ஓய்வு பெற்றுச் சும்மா இருந்தாள். இந்த வரிசையில் தனியாகக் கிடக்கிற கிழடு கட்டைகள் யார் யார், எந்த வீட்டில் ஒரு கரண்டி சோறு கூடப் போட்டால் ஆகும் என்று அவளே பேசி முடித்தாள். பள்ளிவாசலில் பன்னிரண்டரை வாக்கில் மதிய பாங்கு சொல்லும்போது எல்லாத் தூக்கும் கைமாறியிருக்க வேண்டும் என்பது அவள் வைத்த கணக்கு. அதற்குப் பிறகு யார் கதவையும் யாரும் தட்டக்கூடாது, அவர்கள் சாப்பிடட்டும். தமிழ் வீடு, மலையாள வீடு, துலுக்க வீடு என்று பார்க்காமல் தூக்குகள் போய் வந்தன. யாருக்கும் இதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று தோன்றவில்லை.

பிறகு அது வளர்ந்தது. வளர்ந்ததை நான் குறை சொல்ல மாட்டேன், சொன்னால் என் வாய் அழுகும். ஒரு வியாபாரி மூடிக் கிடந்த சுக்கு குடோனைத் திறந்து கொடுத்தார். அங்கே ஒரே அடுப்பாகச் சமைத்தோம், நடக்க முடிந்தவர்கள் அங்கேயே வந்து சாப்பிட்டார்கள், பகல் முழுக்க இருந்து கதையடித்தார்கள். பகல்வீடு என்ற பெயர் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் செக்ரட்டரியாக வந்து சங்கத்தைப் பதிவு செய்தார். அவர் நல்ல மனிதர், இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். அவரால்தான் கண் ஆபரேஷன் முகாம் வந்தது, வேன் வந்தது, படுக்கையில் கிடப்பவர்களின் புண்ணைக் கழுவிக் கட்ட வீடு தேடி நர்ஸ் வந்தாள். பள்ளுருத்தியில் ஒரு கிளை, தோப்பும்படியில் துறைமுகத்துப் பக்கம் ஒன்று. என் முழங்காலை மடக்கி நீட்டச் சொல்லித் தருகிற பெண்ணும் அவர் கொண்டு வந்தவள்தான். தூக்குப் பாத்திரத்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

அவர் கொண்டு வந்த இன்னொன்று சாப்பாட்டு உபயம். பிறந்த நாள், திருமண நாள், பெற்றவர்களின் நினைவு நாள் என்றால் ஒருவர் அன்றைய சாப்பாட்டை ஏற்றுக்கொள்ளலாம். முதன்முதலாக ஒரு குடும்பம் அப்படி வந்தபோது நான் அங்கே பரிமாற நின்றேன். சமையல் ஆகிவிட்டது, பாங்கும் சொல்லிவிட்டார்கள், அவர்களைக் காணோம். செக்ரட்டரி சார் சாப்பிடச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. அப்போது வெள்ளையம்மா அக்கா தன் தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்தாள். "சோறு தர்ற ஆளு வழியில வந்துட்டு இருக்கு. நாம கை நனைச்சுட்டா அவங்களுக்கு எப்படி இருக்கும்? கொஞ்சம் பொறுத்தா செத்தா போவோம்?" அவள் மூடியதும் பக்கத்தில் இருந்தவளும் மூடினாள். வரிசையாக எல்லோரும் மூடினார்கள். தாமதமாக வந்த அந்தக் குடும்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர்கள், கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது. கஞ்சிக்கு வழியில்லாதவர்கள் விருந்தாளிக்காகக் காத்திருந்தார்கள் இல்லையா.

அந்த மரியாதையைத்தான் கமிட்டி எடுத்துச் சட்டமாக்கியது. உபயக்காரர் வந்து முதல் கரண்டி போட்ட பிறகுதான் பந்தி. அதற்கு முன் அவர் பெயரை மைக்கில் வாசிக்க வேண்டும், எல்லோரும் கை தட்ட வேண்டும், படம் எடுக்க வேண்டும். பிறந்த நாள் என்றால் பாட்டுப் பாட வேண்டும். பாட்டு இங்கிலீஷில். பல் இல்லாத வாயெல்லாம் ஹேப்பி ஹேப்பி என்று முணுமுணுப்பதை நீ கேட்டிருக்க மாட்டாய். காலையில் கை கால் பயிற்சி கொடுக்கிற அந்தப் பெண், உபயம் இருக்கிற நாட்களில் கைதட்டலையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்கிறாள். விரல்களுக்கு நல்லதாம். உபயக்காரர்கள் வருகிற நேரமும் மெல்ல மெல்லத் தள்ளிப் போனது. அவர்களுக்குக் கோயில் இருக்கிறது, பியூட்டி பார்லர் இருக்கிறது, பாலத்தில் வண்டி நெரிசல் இருக்கிறது. இவர்களுக்கு என்ன இருக்கிறது? காத்திருக்கலாமே. ஒரு கல்யாண வரவேற்பில் மிஞ்சிய பிரியாணியை மறுநாள் மதியம் கொண்டு வந்து இறக்கினார்கள். மூடியைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, மூக்கு விஷயத்தில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது. அதைக் கொட்டச் சொன்னேன். "அண்ணாச்சி, மெதுவா பேசு. அவரு கேட்டா அடுத்த கொல்லம் வராது" என்றார் செக்ரட்டரி சார், தனக்குத் தெரிந்த தமிழில்; கொல்லம் என்றால் வருஷம். கொட்டிவிட்டோம். ஆனால் அவர் போன பிறகுதான் கொட்டினோம். அவர் நிற்கிற வரைக்கும் எல்லோருடைய தட்டிலும் அது இருந்தது.

இன்னொரு நாள் ஒரு வாலிபனின் பிறந்த நாள். நண்பர்களோடு வந்தான். கேக் வெட்டினார்கள். கேக்கை ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் பூசிக்கொள்வது இப்போது பழக்கமாம். அவர்களுக்குள் பூசிக்கொண்டு திரிந்தவர்கள், முன் பெஞ்சில் இருந்த வெள்ளையம்மா அக்காவைப் பார்த்தார்கள். "அம்மாச்சிக்கு வேண்டாமா?" என்று ஒருவன் ஒரு கை நிறைய எடுத்து அவள் கன்னத்திலும் மூக்கிலும் பூசினான். எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுத்தார்கள். மகனே, இந்த வெள்ளையம்மா யார் தெரியுமா? தெருவெல்லாம் பெருக்கி வந்து, தலையோடு குளிக்காமல் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஊர் அழுக்கு முழுக்க அவள் கை வழியாகப் போயிருக்கிறது, ஒரு பொட்டு அவள் முகத்தில் பட விட்டதில்லை. வேலை நேரத்தில் மூக்கு அரித்தால்கூட முழங்கையால்தான் தேய்ப்பாள். அவள் முகத்தில் வெண்ணெயும் சர்க்கரையும் வழிகிறது, அவள் சிரிக்கிறாள். அவர்கள் போன பிறகு முந்தானையை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் சிரிச்சீங்கக்கா என்று கேட்டேன். "சிரிக்கலேன்னா சங்கடப்படுவாங்கடே. பிள்ளைங்கதானே. நம்மாலே நாளைக்கு உள்ள சோறு முடங்கக் கூடாது, கேட்டியா" என்றாள். எனக்கு அப்போது வந்தது அந்தக் குமட்டல். வெளியே போய்ச் சாக்கடை ஓரமாக நின்றேன், அந்த வாடை தேவலாம் என்றிருந்தது.

அன்றைக்கு நீங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பாய். சாப்பிட உட்கார்ந்திருந்தேன். ஆமாம். உன் அம்மா போன பிறகு கொஞ்ச நாள் சமைத்துப் பார்த்தேன். அடுப்பு முன்னால் நிற்க முழங்கால் விடவில்லை. தினமும் நீ போனில் "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்பாய், நான் "சாப்பிட்டேன்" என்பேன், அது பொய்யில்லை. நீ பெங்களூரில் இருந்துகொண்டு, அப்பா ரசம் வைக்கிறார், மீன் வறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அங்கே சாப்பிடுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுச் சோறு நாலு வீட்டுக்குப் போனது, இப்போது நாலு பேர் சோறு எனக்கு வருகிறது. நீ பணம் அனுப்புகிறேன், ஓர் ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பிக்காதே. எனக்குக் காசிம் இக்காவோடும் வெள்ளையம்மா அக்காவோடும் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் பிடித்திருக்கிறது. வலது பக்கம் மூன்றாவது பெஞ்சு. கை தட்டுகிறவர்களில் நானும் ஒருத்தன் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள். யாரோ ஒருவர் பெயரை மைக்கில் வாசித்தால் என் கை தானாகத் தட்டுகிறது. கேட்கவே வெறுப்பாக இருக்கிறது இல்லையா? எனக்கும்தான்.

இனி காசிம் இக்கா விஷயம். அதைச் சொல்லாமல் உனக்கு இதன் கனம் தெரியாது. அவருக்குச் சர்க்கரை முற்றிவிட்டது. நர்ஸ் பாங்குக்கு முன்னால் வந்து இன்சுலின் ஊசி போட்டுவிடுவாள், உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் போட்டுவிடும். போன மாதம் ஓர் உபயக்காரர் ஆலுவாவில் இருந்து புறப்பட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "கொறச்சு பொறுக்கணும், ஆளு பாலம் ஏறியாச்சு" என்று செக்ரட்டரி சார் நாலு தடவை வந்து சொன்னார். எதிரே பாத்திரங்களில் சோறும் பாயசமும் மூடி இருக்கின்றன. காசிம் இக்கா என் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். சட்டை முழுக்க வேர்வை, உதடு கோணிப்போய் ஏதோ பேசுகிறார், வார்த்தை இல்லை. வெள்ளையம்மா அக்கா எழுந்து ஓடி, பாயசப் பாத்திரத்தைத் திறந்து, கரண்டி தேட நேரமில்லாமல் கையை விட்டு அள்ளி அவர் வாயில் ஊட்டினாள். தொண்டைக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் ஆனது. பிறகு கண்ணைத் திறந்து, "பாங்கு சொல்லியாச்சா?" என்று கேட்டார். எங்களுக்கு உயிர் வந்தது.

உபயக்காரர் வந்தார், பாட்டு முடிந்தது, படம் முடிந்தது. எல்லோரும் போன பிறகு கமிட்டியில் இருக்கிற ஓர் அம்மா வெள்ளையம்மா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். அவசரம்தான், புரிகிறது, ஆனாலும் உபயக்காரர் வருவதற்கு முன்னால் பாத்திரத்தில் கை போட்டது சரியில்லை, அதுவும் வெறும் கையை, என்றார். வெள்ளையம்மா அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "தப்புதான், இனி நடக்காது" என்றாள். அந்தக் கையை அவள் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றேன் என்று நினைத்துவிடாதே. கத்தினேன். நன்றாகவே கத்தினேன். கார்ப்பரேஷனில் மேஸ்திரிகளிடம் பேசிய பேச்செல்லாம் அன்று வெளியே வந்தது.

மறுவாரம் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டேன். உபயம் செய்கிறவர் பாங்குக்கு முன்னால் வரட்டும், வந்தால் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடட்டும், வர முடியாதவர் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டிலேயே இருக்கட்டும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். படம் வேண்டாம், மைக் வேண்டாம். செக்ரட்டரி சார் பொறுமையாகக் கேட்டார். அவருக்கும் காசிம் இக்கா விஷயத்தில் பயம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணாச்சி, நீ சொல்றது சரிதான். ஆனா படம் இல்ல, கைதட்டு இல்லன்னா எந்த ஸ்பான்சரும் சம்மதிக்காது. வேனுக்கு டீசல் யாரு ஊத்தும்? ஒரே ஒரு ஆளைக் காட்டு. சம்மதிச்சு அப்படிச் செய்யட்டும். அதைச் சொல்லி நான் மத்த ஆளுகள்கிட்ட பேசறேன்." எனக்கு அப்படி ஓர் ஆளைத் தெரியாது.

அதற்குப் பிறகு இன்று வாசலில் கட்டியது உன் படம். செக்ரட்டரி சார் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். கேலி செய்யவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "உன் மோன்தான் போன் செஞ்சு நேரம் சொன்னது" என்று மட்டும் சொன்னார். ஒன்றரை மணி. காலையில் எறணாகுளத்தில் ரயில் இறங்கி, ஓட்டலில் குளித்து, பிராட்வே கடைகளில் அவளுக்கு ஏதோ வாங்கிக்கொண்டு, போட்டோக்காரனையும் கூட்டிக்கொண்டு மெதுவாக வந்து சேர ஒன்றரை ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். உன் கணக்கில் அவ்வளவு நேரமும் நாங்கள் என்ன செய்துகொண்டிருப்போம்? ஊசி போட்டுக்கொண்ட காசிம் இக்கா என்ன செய்துகொண்டிருப்பார்? உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்கிற நல்ல காரியத்தைப் பார்த்தால்தான் எனக்கு அந்த அருவருப்பு வருகிறது.

இதில் மோசமான பகுதி இனிமேல்தான். பலகையின் முன்னால் வெள்ளையம்மா அக்காவும் வந்து நின்றாள். உன் படத்தைக் கையால் தடவினாள். "நம்ம பையனா? நம்ம தூக்கு எடுத்துட்டு ஓடின பையனா?" என்றாள். அக்கா, இவனுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம், நான் எழுதிச் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. "நீ உன் வேலையப் பாருடே. மத்தவங்களுக்கு நான் காத்து இருந்தது சட்டத்துக்கு. இது என் பிள்ளைக்கு. பொண்டாட்டியக் கூட்டிட்டு அவன் வந்து என் தட்டுல சோறு போடாம நான் கை நனைக்க மாட்டேன். ராத்திரி ஆனாலும் சரி." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு இப்போது ரத்த அழுத்த மாத்திரை உண்டு, பசி தாங்கினால் தலை சுற்றும். சொன்னால் கேட்க மாட்டாள். சட்டம் போட்டவனைத் திட்டலாம், பாசத்தில் மூடி வைத்த தட்டை நான் எப்படித் திறப்பேன்?

கல்யாணத்துக்குப் புத்திமதி சொல்ல வேண்டும் என்று பெரியவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. என்னிடம் இருப்பது உன் அம்மாவுடையது ஒன்றுதான், வைக்கணும், மூடணும், வந்துட்டே இருக்கணும். ஒரு தடவை அவள் காய்ச்சலில் கிடந்தபோது நான் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உப்பு எப்படி, பதம் எப்படி என்று கேட்டுக்கொண்டு கட்டில் ஓரத்திலேயே நின்றேன். "நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் போவீங்களா? நல்லா இருக்கு. போங்க" என்றாள். அன்றைக்கு எனக்கு முகம் சுண்டிப்போனது. நீயும் அந்தப் பெண்ணுக்கு ஒரு சாயா போட்டுக் கொடுத்தால் வைத்துவிட்டு நகர்ந்துவிடு. அவள் முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. வீட்டுக்குள் இருக்கிறவளிடம்கூட அப்படி நிற்கக்கூடாது என்றால், பசியோடு இருக்கிறவர்களிடம் போட்டோக்காரனையும் கூட்டிக்கொண்டு நிற்கலாமா?

உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான். செக்ரட்டரி சாருக்குப் போன் செய்து நேரத்தை மாற்று. பலகையில் இருக்கிற உன் படத்தை இறக்கச் சொல். போட்டோக்காரனை வேண்டாம் என்று சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலிலேயே வந்துவிடுங்கள், பெண்ணும் நீயும் இங்கே படுத்துக்கொள்ளலாம், நான் காசிம் இக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். திங்கட்கிழமை பாங்குக்கு முன்னால் சும்மா நடந்து வாருங்கள். என் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்கிறது, காசிம் இக்காவும் நானும் கொஞ்சம் நகர்ந்துகொள்வோம். வெள்ளையம்மா அக்காவின் தட்டில் ஒரு கரண்டி போடு, பிறகு உன் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடு. நீ அப்படிச் செய்தால் செக்ரட்டரி சார் கேட்ட அந்த ஓர் ஆள் கிடைத்துவிடுவான். அவன் என் மகன் என்று நான் மைக் இல்லாமலே அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்வேன்.

வர மறுத்தாலும், ஒன்றரைக்குத்தான் வருவேன் என்றாலும், அது உன் இஷ்டம். பாங்கு சொன்னதும் நான் சோற்றில் கை வைப்பேன், காசிம் இக்காவையும் வைக்கச் சொல்வேன், யார் வந்து தடுத்தாலும் சரி. நீங்கள் வந்து சேரும்போது நாங்கள் கை கழுவி எழுந்திருப்போம், கழுவிய தட்டுகள் கவிழ்ந்திருக்கும். வெள்ளையம்மா மட்டும் மூடிய தட்டின் முன்னால் உனக்காக உட்கார்ந்திருப்பாள், உன்னைப் பார்த்ததும் சிரிப்பாள். அதைப் படம் எடுத்துக்கொள்.

அப்பா